எந்திர மூலை: மேட்டில் இழுக்காத ஸ்போர்ட்ஸ் கார்



இந்த முறை வந்த கடிதங்களில் ஒன்று என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்துவிட்டது. எழுதியவர் தோட்டத்துப் பால் லோரி ஓட்டுநரின் மகன். பட்டணத்துப் பட்டறை ஒன்றில் வேலை செய்யும் தம்பி. வருடக்கணக்கில் மிச்சம் பிடித்த பணத்தில் பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை வாங்கி, தன் கையாலேயே சரிசெய்து ஓட்டுகிறார். 1989இல் வெளிவந்த முதல் ரகம், 1.6 லிட்டர் எஞ்சின்.

"அண்ணே, எஞ்சின் வேகமாகச் சுற்றினால் பறக்கிறது. மூன்றாவது கியரில் மேடு ஏறும்போதோ அப்பாவின் லோரியே தேவலாம் போலிருக்கிறது. சூப்பர்சார்ஜர் போடலாம் என்றிருக்கிறேன். கடையில் இரண்டு வகை காட்டுகிறார்கள். வட்டமாக நத்தை ஓடு போல இருப்பதுதான் அதிகக் குதிரைத்திறன் தரும் என்கிறார்கள். ஒரு தடவைதான் வாங்க முடியும். தப்பாக வாங்கிவிட்டால் மாற்றுவதற்குக் கையில் காசு இல்லை" என்று எழுதியிருக்கிறார்.

சூப்பர்சார்ஜர் என்றால் என்ன என்று கேட்கப்போகும் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அடுப்பை ஊதினால் தீ எழும்புகிறதல்லவா? எஞ்சினும் அப்படித்தான். தானாக இழுத்துக்கொள்ளும் காற்றுக்கு மேல் கொஞ்சம் திணித்துக் கொடுத்து, அதற்கேற்பப் பெட்ரோலும் கொடுத்தால் பலம் கூடும். அந்தக் காற்றைத் திணிக்கும் பம்புதான் சூப்பர்சார்ஜர். எஞ்சினே ஒரு பெல்ட் மூலம் அதைச் சுற்ற வைக்கிறது. டர்போவுக்குப் புகையின் வேகம் கூடும்வரை காத்திருக்க வேண்டும். இதற்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

சரி தம்பி, உங்கள் கேள்விக்கு வருவோம். கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை. அவர் சொல்லும் குதிரைத்திறன், எஞ்சின் நிமிடத்துக்கு ஆறாயிரம், ஏழாயிரம் சுற்றுச் சுற்றும்போது அளந்தது. நீங்கள் மேட்டில் தவிப்பதோ இரண்டாயிரம், மூவாயிரத்தில். உங்கள் காரின் முறுக்குவிசை உச்சத்துக்கு வருவதே 5,500 சுற்றில்தான். ஆகவே கீழே என்ன கிடைக்கும் என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

அந்த நத்தை ஓட்டுக்குள் இருப்பது ஒரு விசிறிச் சக்கரம். காற்றை நடுவில் வாங்கி ஓரத்துக்கு வீசி அடிக்கும். இதன் குணம் என்னவென்றால், வேகம் பாதியானால் அழுத்தம் ஏறக்குறைய நாலில் ஒன்றாகிவிடும். டயருக்குக் காற்றடிக்கும்போது பவுண்டுக் கணக்குச் சொல்கிறோமே, அதே கணக்கில் பாருங்கள். 7,000 சுற்றில் 8 பவுண்டு தரும் சாமான், 3,500 சுற்றில் 2 பவுண்டுதான் தரும். உங்கள் மேட்டுக்கு அந்த இரண்டு பவுண்டு என்ன செய்யும்? பந்தயத் திடலில் எஞ்சினை எப்போதும் உச்சத்திலேயே வைத்து ஓட்டுகிறவர்களுக்கு இது நல்ல சாமான். காற்றையும் அதிகம் சூடாக்காது. உங்களுக்குச் சரிப்படாது.

மற்றது ரூட்ஸ் வகை. அமெரிக்காவில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற ஊதுகருவியிலிருந்து வந்தது. அப்போது மோட்டார் காரே கிடையாது. உள்ளே இரண்டு உருளைகள் பல்லோடு பல் பொருந்தினாற்போல் எதிரெதிராகச் சுற்றும். ரப்பர் ஷீட் பிழியும் மெஷின் போல என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஷீட் உருளைகளுக்கு நடுவில் போகும். இங்கே காற்று உருளைகளின் வெளிப்பக்கமாக, கூட்டின் சுவரை ஒட்டிப் போகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் இத்தனை காற்று என்று ஏறக்குறைய ஓர் அளவு உண்டு. மெதுவாகச் சுற்றினாலும் அந்த அளவைக் கொண்டு வந்து தள்ளும்.

உங்கள் எஞ்சினுக்கே கணக்குப் போடுவோம். 1.6 லிட்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை மூச்சிழுக்கிறது. ஆகவே ஒரு சுற்றுக்கு 0.8 லிட்டர். ஈட்டன் நிறுவனத்தின் எம்45 என்ற ரூட்ஸ் சாமானில் 45 என்பது ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலக் காற்று, சுமார் 0.74 லிட்டர். எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றும்போது இது ஒன்றரைச் சுற்றுச் சுற்றும்படி புல்லியை வைத்தால், 1.1 லிட்டர் வந்து சேரும். 0.8 மட்டுமே கொள்ளும் இடத்தில் 1.1 வந்தால் நெருக்கம்தானே! அந்த நெருக்கம்தான் அழுத்தம். மிகக் குறைந்த வேகத்தில் உருளை இடுக்கில் கொஞ்சம் கசியும். இருந்தாலும் இரண்டாயிரம் சுற்றிலேயே வித்தியாசம் தெரியும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. 2002ஆம் ஆண்டின் மினி கூப்பர் காரைப் பாருங்கள். அதுவும் 1.6 லிட்டர்தான். சாதாரணக் கூப்பருக்கு 149 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, 4,500 சுற்றில். அதே அளவு எஞ்சினில் எம்45 மாட்டிய கூப்பர் எஸ்ஸுக்கு 210, அதுவும் 4,000 சுற்றிலேயே.

ஆனால் தம்பி, அந்தத் தொழிற்சாலைக்காரர்கள் கூடவே செய்த இன்னொரு வேலையையும் கவனியுங்கள். எஞ்சினின் அழுத்த விகிதத்தை 10.6இலிருந்து 8.3க்குக் குறைத்தார்கள். டொயோட்டாவும் 1986இல் எம்ஆர்2 காருக்கு சூப்பர்சார்ஜர் வைத்தபோது விகிதத்தைக் குறைத்துத்தான் வைத்தது. ஏன்? காற்றைத் திணித்தால் சூடாகும். ரூட்ஸ் வகையில் சூடு இன்னும் அதிகம். சூடான கலவை, பிளக் பொறியின் தீ வந்து சேரும் முன்பே சில நேரம் தானாக வெடிக்கும். 'டிக் டிக்' என்று சிலிண்டருக்குள் சுத்தியல் தட்டுகிற சத்தம் கேட்கும். குறைந்த சுற்றில், பாரம் ஏற்றி, மேட்டில் மிதிக்கும்போதுதான் அது அதிகம் வரும். அதாவது எந்த இடத்தில் பலம் வேண்டும் என்கிறீர்களோ, அதே இடத்தில்தான் ஆபத்தும்.

உங்கள் எஞ்சினின் விகிதம் 9.4. ஐந்து, ஆறு பவுண்டுக்கு மேல் ஆசைப்படாதீர்கள். 97 பெட்ரோல் ஊற்றுங்கள். பொறி விடும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளி வையுங்கள். 2015க்குப் பின் வந்த எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், உங்கள் விகிதம் 13 என்பதை மறந்துவிட வேண்டாம். உங்கள் கதை வேறு.

பெட்ரோல் விஷயம் இன்னும் முக்கியம். காற்று கூடிப் பெட்ரோல் கூடாவிட்டால் எஞ்சின் வெந்துபோகும். பல வருடங்களுக்கு முன் ஒரு பட்டறையில் இப்படிப்பட்ட எஞ்சின் ஒன்றைப் பிரித்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். பிஸ்டனின் தலையில் ஐம்பது காசு போகிற அளவுக்கு ஓட்டை. சூப்பர்சார்ஜர் வாங்கப் பணம் இருந்தது, பெட்ரோல் கட்டுப்பாட்டைச் சரிசெய்யப் பணம் இல்லை என்றார் சொந்தக்காரர். அவரை நான் குறை சொல்லவில்லை. கடையில் யாரும் அதைச் சொல்லவில்லை.

ஆகவே விலை கேட்கும்போது சாமானுக்கு மட்டும் கேட்காதீர்கள். பெரிய இன்ஜெக்டர், கணினிப் பெட்டியைத் திருத்தும் கூலி, காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர், வால்வு எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். அந்த வால்வு எதற்கென்றால், மிதிக்காமல் சாதாரணமாக ஓட்டும்போது காற்றைத் திருப்பி விடுவதற்கு. அது இல்லாவிட்டால் சும்மா போகும்போதும் பெட்ரோல் வீணாகும். மொத்தத் தொகைக்குக் கை எட்டவில்லை என்றால் பொறுத்திருங்கள். பாதி வேலை செய்யாதீர்கள்.

திருகு வகை என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. இரண்டு திருகாணிகள் காற்றைக் கூட்டுக்குள்ளேயே நெருக்கிக் கொடுக்கும். சூடு குறைவு, கீழ்வேகத்திலும் பலம் உண்டு. விலைதான் கடிக்கும். எனக்குப் பணம் இருந்தால் அதைத்தான் வாங்குவேன். உங்கள் கணக்குக்கு எம்45 அளவு ரூட்ஸ் போதும். அதைவிடப் பெரியது வேண்டாம்.

சாலைப் போக்குவரத்து இலாகாவில் முதலில் கேட்டு அனுமதி வாங்குங்கள். இன்சூரன்ஸ்காரர்களுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். பிறகு விபத்து என்று வந்தால் கையை விரித்துவிடுவார்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. முப்பது வருடத்தைத் தாண்டிய எஞ்சின் அது. மேட்டில் இழுக்காததற்கு வயதே காரணமாக இருக்கலாம். பட்டறையில் அழுத்தமானி இருக்கும். எஞ்சினைச் சூடாக்கி, பிளக்குகளைக் கழற்றி, நான்கு சிலிண்டரையும் அளந்து பாருங்கள். நான்கும் ஒன்றையொன்று ஒட்டி இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விழுந்திருந்தால் சூப்பர்சார்ஜர் பணத்தை முதலில் அங்கே செலவழியுங்கள். அந்த நான்கு எண்களையும் எழுதி அனுப்புங்கள் தம்பி, பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை கடைக்காரரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.