கையும் காலும்

உழைப்பாளர்க்குக் கையும் காலுமே முதற்பொருள். அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில், சுண்ணாம்புக்கல் மண்ணில் வெறுங்காலோடு வெயிலிற் பாடுபடுவாரைக் காணுந்தோறும் நாம் இதனை உணர்கின்றோம்.

குடல், மார்பகம் முதலியவற்றில் தோன்றும் புற்றுநோய்க்குக் கேப்சிடபின் என்னும் மாத்திரை வழங்கப்படுகின்றது. நோயணுக்களை அழிக்கும் அம்மருந்தே சிலர்க்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, வீங்கி, எரிந்து, தோலுரியச் செய்கின்றது. இது தொற்றுநோயன்று, தீவினைப் பயனுமன்று, மருந்தின் விளைவே.

இதனை மறைப்பாரும் உளர். சொன்னால் மருந்து நின்றுவிடுமோ என்பது அவர்தம் அச்சம். அவ்வச்சம் வேண்டுவதன்று. நோவு மிகுமுன் உரைப்பின், மருத்துவர் சின்னாள் மருந்தை நிறுத்தி, வேண்டின் அளவைக் குறைத்து, மீண்டும் தொடர்வர். மறைப்பின், நடத்தலும் சோறு பிசைந்துண்டலும் அரியவாம்.

நிற்க. தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தார் 264 நோயாளரிடம் நிகழ்த்திய ஆராய்ச்சி 2024-இல் வெளிவந்தது. டைக்ளோபினாக் களிம்பு பூசினோருள் நூற்றுக்கு ஏறக்குறைய 4 பேர்க்கும், மருந்தில்லாக் களிம்பு பூசினோருள் 15 பேர்க்கும் இத்துன்பம் மிக்கது. எளிய களிம்பும் பெருநலம் பயத்தல் காண்க. எனினும், மருத்துவரைக் கேளாது எதனையும் பூசலாகாது. வெந்நீரும் இறுகிய செருப்பும் தவிர்க்கத்தக்கன.

ஆதலின், விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்காள்! மருந்துண்ணும் பெரியோரிடம் நலம் வினவுதலோடு அமையாது, "உள்ளங்கையைச் சற்றுக் காட்டுங்கள், தாத்தா" என்று கேட்டல் நம் கடனாகும்.