தையல் பிரித்தால் போதுமா? தெம்பு யார் தருவது?

ஆபரேஷன் முடிந்தது. தையலும் பிரித்தாயிற்று. "குணமாகிவிட்டது, வீட்டுக்குப் போ" என்கிறது ஆஸ்பத்திரி. "குணமாகிவிட்டதல்லவா, முழு ஷிப்டுக்கு வா, முடியாவிட்டால் கணக்கை முடித்துக்கொள்" என்கிறது மில் நிர்வாகம். "நாற்று முற்றுகிறது, வருகிறாயா, வேறு ஆளைக் கூப்பிடட்டுமா?" என்கிறார் நிலச்சொந்தக்காரர். இந்த மனிதனின் கையிலும் காலிலும் மூச்சிலும் தெம்பு திரும்பிவிட்டதா என்று மட்டும் எவரும் கேட்பதில்லை!

நாம் சொல்கிறோம்: ஆபரேஷன் பாதி வைத்தியம்தான். இழந்த பலத்தைத் திரும்பப் பெறுவது மீதிப் பாதி. வசதி படைத்தவனுக்கு முழு வைத்தியம். உழைப்பாளிக்குப் பாதி வைத்தியம். இதுவா நியாயம்?

அசையாமல் படுத்துக்கிடந்தால் ஒரே வாரத்தில் தசை பலத்தில் பத்தில் ஒரு பங்குவரை போய்விடும். எழுந்து நிற்கவும் படியேறவும் வேண்டிய தொடைத் தசை சீக்கிரமே மெலியும். மூட்டு இறுகும். நெஞ்சில் சளி தங்கும். காலில் இரத்தம் உறையும். அதனால்தான் இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவரைக்கூட, டாக்டர் தடை சொல்லாவிட்டால், மறுநாளே எழுப்பி நிறுத்துகிறார்கள். கணுக்காலை ஆட்டுவது, மூச்சை ஆழ இழுத்து விடுவது, உட்காருவது, நிற்பது, நடப்பது, கடைசியில் அவரவர் தொழிலுக்கு வேண்டிய அசைவு என்று படிப்படியாகச் சுமையைக் கூட்டுவதே இயன்முறை சிகிச்சை. பக்கவாதத்தில் விழுந்த கையும் இப்படித்தான் மறுபடி பழகுகிறது.

"வேலையே பயிற்சிதானே, தனியாக எதற்கு?" என்று நம்மவர்களே கேட்பதுண்டு. இல்லை, தோழர்களே! வேலைக்கு அவசரம். பலவீனமான காலை ஒதுக்கிவிட்டு நல்ல காலின் மேல் முழுப் பாரத்தையும் போடவைக்கும். ஆறாத மூட்டின் மேல் மூட்டையை ஏற்றும். பலவீனமான இடத்தையே தேடிப் பலப்படுத்துவது பயிற்சி.

"ஆள் நடிக்கிறான்" என்பார் மேஸ்திரி. பழுது பார்த்த இயந்திரத்தை மெதுவாக ஓட்டிப் பார்க்காமல் முழு வேகத்தில் விடுவார்களா? நுகம் அழுத்திக் கழுத்துப் புண்ணான மாட்டைப் புண் ஆறுமுன் ஏரில் பூட்டுவார்களா? இரும்புக்கும் மாட்டுக்கும் உள்ள சலுகை மனிதனுக்கு இல்லையா?

இந்தச் சிகிச்சைக்கு மருந்தைவிட நாள்தான் அதிகம் வேண்டும். நாள் என்றால் கூலி! 1948இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தது, 1952இல் கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. நோயாளித் தொழிலாளிக்கு ஆண்டில் 91 நாள்வரை, கூலியில் 70 சதவீதம். காசநோய், புற்றுநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு மேலும் உண்டு. இவை தொழிலாளியின் உரிமை, தர்மம் அல்ல. ஆனால் பதிவேட்டில் பெயரே ஏறாத காண்டிராக்ட் தொழிலாளி எதைக் காட்டிக் கேட்பான்? நாற்று நடும் பெண்ணுக்கு ஈ.எஸ்.ஐ. ஏது? காப்பீட்டு அட்டை ஆபரேஷன் செலவைக் கட்டலாம். அடுப்பெரிய அரிசி கொடுக்காது.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. வரவேற்கிறோம். ஆனால் பயிற்சி தருகிறவர் வாசலில் நிற்கும்போது, பசியால் விரட்டப்பட்ட நோயாளி வயலில் நின்றால் என்ன பயன்?

ஆகவே நாம் கேட்கிறோம்: தெம்பு திரும்பும்வரை கூலிக்கு ஈடு வேண்டும். அது விவசாயத் தொழிலாளிக்கும் வேண்டும். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் நிரந்தர இயன்முறை சிகிச்சையாளர் வேண்டும். திரும்பி வருகிறவருக்குக் கூலி குறையாத இலகு வேலை வேண்டும். பழைய இடம் பத்திரமாக இருக்க வேண்டும்.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியை விட்டு வருமுன், "எந்தப் பயிற்சி, எத்தனை முறை, எத்தனை நாள்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். "அசையாதே, படு" என்று பாசத்தால் முடக்காதீர்கள். டாக்டர் சொன்னபடி எழுந்து நடக்கத் தோள் கொடுங்கள். மில் கேட்டில் அவருடைய வேலைக்காகச் சங்கம் நிற்கட்டும்!

உழைப்பாளியின் சொத்து உடம்பு ஒன்றே. அதைப் பாதியில் கைவிட அனுமதியோம்!