விசிறி வீசியவர் கண்ட நிம்மதி

"வேலைக்குப் போகிறேன், வருகிறேன். மனதில் நிம்மதிதான் இல்லை!"

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இந்தப் பேச்சை எந்த டீக்கடையிலும் கேட்கலாம். ஷிப்டு முடிந்து வருகிற தொழிலாளி சொல்கிறார். அதிகாலை நாலரை மணிக்கு எழுந்து, இட்லி வார்த்து, எல்லோருக்கும் டிபன் பாக்ஸ் கட்டிவிட்டு, தானும் ரெயிலைப் பிடிக்க ஓடுகிற அம்மாளும் சொல்கிறார்.

எப்போதுதான் நிம்மதி வரும் என்று கேட்டுப் பாருங்கள். "பையன் படிப்பு முடியட்டும்" என்பார்கள். "பெண்ணுக்குக் கல்யாணம் ஆகட்டும்" என்பார்கள். "வீட்டுக் கடன் அடையட்டும், ரிட்டயர் ஆகட்டும்" என்பார்கள். கடன்காரருக்குச் சொல்வது போல, நிம்மதிக்கும் வாய்தா சொல்லிக்கொண்டே போகிறோம்.

இது வயலும் ஏரியுமாக இருந்த பகுதி. 1949-ல் அம்பத்தூருக்கு சைக்கிள் கம்பெனி வந்தது. 1960-களில் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலை வந்தது. சங்கு ஊதினால் எழுவது, சங்கு ஊதினால் திரும்புவது என்று வாழ்க்கை மாறியது. ஆனால் "செய்ததையே செய்கிறோமே" என்ற அலுப்பு சங்கோடு வந்தது அல்ல. அது மிகப் பழையது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பூந்தமல்லிக்காரர் ஒருவர் அதற்கு விடை தேடினார்.

பூந்தோட்டம் வைத்த பிள்ளை

அவர் பெயர் திருக்கச்சி நம்பி. வணிகர் குலத்தில் பிறந்தவர். தகப்பனார் சொத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தாராம். மற்றவர்கள் பணத்தைப் பெருக்கினார்கள். நம்பியோ பூந்தோட்டம் போட்டார்! பூப்பறித்து, மாலை கட்டி, காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்குக் கொண்டுபோனார். இது வைணவப் பெரியோர் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு.

பூந்தமல்லிக்கும் காஞ்சிக்கும் ஏறக்குறைய 50 கிலோ மீட்டர். தினமும் நடந்தே போய்வந்தார் என்றும் சொல்கிறார்கள். அதை அப்படியே நம்பவேண்டியது இல்லை. ஒரு பகல் முழுவதும் நடந்தாலும் போய்ச்சேருவதே கஷ்டம்!

கோவிலில் அவர் செய்த வேலை என்ன தெரியுமா? விசிறி வீசுவது. ஆலவட்டம் என்ற பெரிய வட்ட விசிறியால் பெருமாளுக்கு வீசிக்கொண்டே நிற்பார். நேற்றும் அதே வேலை, இன்றும் அதே வேலை. மெஷின் முன்னால் நிற்பவருக்கு அந்த நிலை புரியும்.

அதே சாலையில் உள்ள ஸ்ரீபெரும்புதூரில் 1017-ம் ஆண்டு பிறந்தவர் ராமானுஜர். அந்தணர் குலத்தவரான அவர், சாதி பார்க்காமல் நம்பியைத் தம் குருவாக மதித்தார். ஒருநாள் அவரைச் சாப்பாட்டுக்கு அழைத்தார். நம்பியை எதிர்கொண்டு அழைத்துவர ராமானுஜர் ஒரு வழியில் போக, நம்பி வேறு வழியில் வீட்டுக்கு வந்துவிட்டார். "கோவிலில் வேலை இருக்கிறது" என்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டு உடனே புறப்பட்டார். பெரிய மனிதரின் விருந்து, உபசாரம் எதுவும் அவரைப் பிடித்து நிறுத்தவில்லை. விசிறி வீசும் நேரம்தான் அவருக்குப் பெரிது!

கணக்கு சரியாகிவிட்டது

பெருமாள் நம்பியுடன் பேசுவார் என்பார்கள். ஒருநாள் நம்பி, "எனக்கு மோட்சம் உண்டா?" என்று கேட்டாராம். "நீ விசிறினாய், நாம் பேசினோம். அதற்கும் இதற்கும் சரி" என்ற பொருளில் பதில் வந்ததாம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். செய்த வேலைக்குக் கூலி கேட்டால், கூலி கிடைத்ததும் கணக்கு முடிந்துவிடுகிறது. கடவுளிடம் கேட்டாலும் அப்படித்தான்! நம்பி கோபித்துக்கொள்ளவில்லை. திருக்கோட்டியூருக்குப் போய், அங்கே ஓர் ஆசாரியர் வீட்டில் தாம் யார் என்று சொல்லாமல் மாடு மேய்த்தாராம். கேட்கப் பெரிய கதையாக இருக்கிறது. ஆனால் இதைச் சின்ன அளவில் செய்கிறவர்கள் நம் நடுவிலேயே இருக்கிறார்கள்.

அடுத்த ஷிப்டுக்காரர் சிரமப்படக்கூடாது என்று மெஷினைத் துடைத்து வைத்துவிட்டுப் போகிற தொழிலாளியைப் பாருங்கள். ஓடிவரும் கிழவிக்காக ஒரு நிமிஷம் பஸ்சை நிறுத்தும் கண்டக்டரைப் பாருங்கள். அதற்குச் சம்பளச் சீட்டில் இடம் இல்லை. யாரும் கேட்காமல் செய்கிற அந்தச் சிறு பங்கில்தான் மனம் ஆறுகிறது என்பது என் எண்ணம். செல்போனில் மணிக்கணக்காக நிம்மதி பற்றிய பேச்சு கேட்பதைவிட இது பலன் தரும்.

முதலாளிகள் மகிழ வேண்டாம்!

இதைப் படித்துவிட்டு, "சபாஷ்! தொழிலாளி பலனை எதிர்பாராமல் உழைக்கட்டும்" என்று யாராவது கிளம்பினால், அதை நான் ஒப்பமாட்டேன். நம்பி தாமாக விரும்பி விசிறினார். அவரை யாரும் ஒப்பந்தக் கூலியாகப் பிடித்துவைக்கவில்லை. ஓவர்டைம் பணம் தராமல் மனநிம்மதி உபதேசம் செய்வது மோசடி. கூலியைக் கேட்டு வாங்குவதற்கும் மனச்சாந்திக்கும் பகை கிடையாது. வீட்டில் அடுப்பு எரியாதவனுக்கு எந்த உபதேசமும் ஏறாது.

வயதான காலத்தில் நம்பியால் காஞ்சிக்கு நடக்க முடியவில்லை. ஆகவே பெருமாளே பூந்தமல்லிக்கு வந்துவிட்டார் என்பது அங்குள்ள வரதராஜப் பெருமாள் கோவிலின் தலவரலாறு. அங்கே தாயார் பெயர் புஷ்பவல்லி. நம்பிக்கும் சந்நிதி உண்டு. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்வரலாம்.

வீட்டு வேலைக்கும் இதே நியாயம்தான். "அம்மா எவ்வளவு அன்போடு செய்கிறாள்!" என்று புகழ்ந்துவிட்டு, மற்றவர்கள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டால் எப்படி? அவர் விரும்பிச் செய்கிறாரா, வேறு ஆள் இல்லாமல் செய்கிறாரா? இதை நம் வீடுகளில் யாரும் கேட்பதில்லை. நாளைக் காலை நாலரை மணிக்கு எழுந்திருக்கப் போவது யார் என்று இன்று இரவே பேசிப் பாருங்கள்.