சிமென்ட் வரி குறைந்தது, எஸ்டிமேட்டில் மணல் எங்கே?

2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கு ஜிஎஸ்டி 28 விழுக்காடு இல்லை, 18தான். அன்றிலிருந்து நம் கோலார் தங்கவயலில் ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “பத்து பர்சன்ட் குறைஞ்சிடுச்சாமே மேஸ்திரி, ஸ்கொயருக்கு எவ்வளவு குறைப்பீங்க?” கேள்வியில் தப்பில்லை. அதற்கு வாய்க்கு வந்த ஒரு தொகையைத் தள்ளிவிட்டு, வேறு எங்கோ அதைச் சரிக்கட்டுவதுதான் தப்பு. தள்ளுபடி தராதீர்கள், எஸ்டிமேட்டைத் திருத்திக் கொடுங்கள் என்பதே இந்த இதழின் நிலை.

பதிவு பெற்ற காண்ட்ராக்டர் 28 கட்டி, அதை உள்ளீட்டு வரவாக எடுத்து, வேலைக்கு 18 போட்டுக்கொண்டிருந்தவர். அவருடைய அடக்கம் ஒரு பைசாவும் மாறவில்லை. வரவாக முடங்கிக் கிடந்த கைமுதல் கொஞ்சம் தளரும், அவ்வளவே. ஆண்டுக்கு 20 லட்சத்துக்குள் வேலை செய்து பதிவில்லாமல் இருப்பவருக்கும், 6 விழுக்காடு காம்போசிஷனில் இருப்பவருக்கும் சிமென்ட் வரி முழுக்கச் செலவு. அவர்கள் கையில் மிச்சம் நிஜமாகவே நிற்கிறது. லேபர் காண்ட்ராக்டில் வீட்டுக்காரரே மூட்டை வாங்குகிறார், நம் ரேட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தான் இந்த மூன்றில் எது என்பதை எஸ்டிமேட்டின் தலையிலேயே எழுதிவிட்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

மிச்சம்தான் எவ்வளவு? மூட்டை 360 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை விலை மாறாமல் 18 விழுக்காடு போட்டால் 332. மூட்டைக்கு 28 ரூபாய். 1,000 சதுர அடி ரூஃப் மோல்டு, 5 அங்குலக் கனம், 1:1½:3 கலவை என்றால் 11.8 கன மீட்டர், சுமார் 94 மூட்டை. ஆக 2,650 ரூபாய்க்குப் பக்கம். அதே ரூஃபை நாலரை அங்குலத்தில் போட்டுப் பாருங்கள். குறைகிற 1.18 கன மீட்டரில் சிமென்ட் மட்டும் ஒன்பதரை மூட்டை, புது விலையிலேயே 3,100 ரூபாய். ஜல்லி, மணல், கூலி இதில் சேரவில்லை. டெல்லி குறைத்த வரியைவிட அரை அங்குலம் பெரியது. “ஸ்கொயருக்கு இவ்வளவு” என்று ஒற்றை வரியில் எழுதிய தாளில் அந்த அரை அங்குலத்தை எந்த வீட்டுக்காரர் எங்கே போய்த் தேடுவார்?

கனம், கலவை, கம்பி எத்தனை கிலோ, சென்ட்ரிங் யாருடையது, க்யூரிங் எத்தனை நாள், டேங்கர் தண்ணீர் யார் கணக்கு, எதெல்லாம் சேராது, விலை எத்தனை நாள் செல்லும்: இவை எஸ்டிமேட்டில் இருக்க வேண்டும் என்பது நம் வாசகர்கள் அறியாதது அல்ல. வரியைத் தனி வரியாகக் காட்டுங்கள். சிமென்ட் விலை இன்ன அளவுக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ வித்தியாசம் யாருக்கு என்பதையும் எழுதுங்கள்.

அதிகாரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வரிக் குறைப்பை விலையில் காட்டாதவர்மீது புகார் கொடுக்க முன்பு ஒரு வழி இருந்தது. கொள்ளை லாபத் தடுப்பின் கீழ் 2025 ஏப்ரல் 1 முதல் புதுப் புகாரே வாங்குவதில்லை. கதவைச் சாத்தி ஆறு மாதம் ஆவதற்குள் சிமென்ட் வரியைக் குறைக்கிறார்கள்! கம்பெனி அடிப்படை விலையை ஏற்றினால் கேட்பாரில்லை, பதில் சொல்ல வேண்டியவர் கடைசியில் மேஸ்திரி. சிமென்ட் வரியைக் குறைத்த அதே ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில், மண்வேலை மேலோங்கிய அரசு ஒப்பந்தங்களுக்கு 12 விழுக்காட்டை 18 ஆக்கிவிட்டார்கள். சாக்கடை, கால்வாய் எடுப்பவர்கள் பழைய டெண்டரை மறுபடி ஒருமுறை படித்துவிடுங்கள்.

இவ்வளவு எழுதியும் நம் ஊர் எஸ்டிமேட்டில் விடுபடும் வரி ஒன்று உண்டு. இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியதுதான், சலிக்காமல் மறுபடியும் எழுதுகிறேன். மணல் எங்கிருந்து வருகிறது? எல்லாப் பொருளின் விலையையும் நெருக்கிப் பிடிக்கும்போது கண் போவது அங்கேதான். மாரிகுப்பம் பக்கமும் சாம்பியன் ரீஃப் பக்கமும் தங்கச் சுரங்கக் கழிவான சயனைடு டம்ப் மலைபோல் நிற்கிறது. அதைச் சலித்துப் பூச்சுக்குக் கலந்தால் என்ன என்று கேட்பவர்களை நமக்குத் தெரியும். மில்லில் மாவாக அரைத்த மண் அது. தண்ணீரையும் சிமென்ட்டையும் கூடக் குடிக்கும். அதில் சல்ஃபைடு எஞ்சியிருந்தால் காற்றும் ஈரமும் பட்டு சல்ஃபேட்டாகி, சில ஆண்டுகளில் பூச்சு உப்பி உதிரும். ஐஎஸ் 383இன் 2016 பதிப்பு செம்புக் கசடு, இரும்புக் கசடு, உடைத்த பழைய கான்கிரீட் வரை இடம் கொடுத்தது. தங்க மில் மண் அந்தப் பட்டியலில் இல்லை. 2007இல் வெளியான ஓர் ஆய்வு நம் டம்ப் மண்ணைச் சிமென்ட் சேர்த்துக் கல்லாக்கிப் பார்த்தது. 20 விழுக்காடு சிமென்ட், 14 நாள் க்யூரிங் வேண்டியிருந்தது, செலவு கட்டுப்படியாகவில்லை. வேறு மண் கலந்து சுட்ட செங்கல்தான் மலிவாக வந்தது. மலிவு மணல் என்பவர்களுக்கு அதுவே பதில்.

சுரங்கத்தை 2001இல் மூடினார்கள். 2024 ஜூனில் 13 டம்புகளில், சுமார் 1,003 ஏக்கரில், மேற்பரப்புச் சுரங்கப் பணிக்கு மாநில அமைச்சரவை சம்மதம் கொடுத்தது. டம்ப் மண்ணில் மிஞ்சிய தங்கத்துக்குக் கணக்கு போட ஆள் இருக்கிறது. அதே மண் சுவரில் ஏறினால் என்ன ஆகும் என்று ஒரு பக்கத் தமிழ், கன்னட அறிவிப்பை நகரசபை வாசலில் ஒட்ட ஆள் இல்லையா? காற்றடிக்கும் காலத்தில் அந்தத் தூசியைத் தின்றபடி வேலை செய்யும் சித்தாள்களுக்கு அமைச்சரவைத் தீர்மானம் எதற்கு உதவும்? வரியை ஒரே இரவில் 10 புள்ளி குறைக்கத் தெரிந்தவர்களுக்கு, டம்புக்கு டம்ப் மாதிரி எடுத்து முடிவைக் கட்டுகிறவன் கையில் கொடுக்கக் கால் நூற்றாண்டு போதவில்லை என்றால் நம்ப முடியுமா?

அந்த முடிவு வரும்வரை எஸ்டிமேட்டில் இப்படி எழுதுங்கள்: “கான்கிரீட்டுக்கு எம்-சாண்ட், பூச்சுக்கு பி-சாண்ட், க்ரஷர் பெயர் இன்னது, லோடு பில் தரப்படும். டம்ப் மண் எந்த வேலையிலும் சேராது.” ரேட்டைக் குறைக்க அந்த வரியை எடுத்துவிடச் சொல்லும் வீட்டுக்காரரிடம் வரிக்குப் பக்கத்திலேயே கையெழுத்து கேளுங்கள். போட மறுத்தால் அந்த வேலையை எடுக்காதீர்கள்.