பிச்சைச் சம்பளமா?

அரசு தரும் உதவிப் பணத்தைப் ‘பிச்சைச் சம்பளம்’ என்றழைக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் அழியவில்லை. படித்தவர் வாயிலும் அச்சொல் வருகிறதே, அதுதான் நமக்கு வெட்கம்.

1990களில் மெதவாச்சி, பதவியா பகுதிகளில் இனங்காணப்பட்ட சிறுநீரக நோய் வவுனியா விவசாயியையும் விட்டுவைக்கவில்லை. கிருமிநாசினியா, கிணற்று வன்னீரா, வெயிலில் வற்றிய உடலா? காரணம் முடிந்த முடிபாக நிறுவப்படவில்லை. ஆகவே பொறுப்பேற்பாரும் இல்லை. வயலுக்கு வேண்டுமட்டும் நீர் பாய்ச்சியவன், நோய் முற்றியதும் குடிநீரை அளந்து குடிக்கிறான். இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தருகே நான்கு மணி நேரம் கிடக்கிறான்.

அங்கே அடுத்த கட்டிலில் கிடப்பவனே அவனுக்கு ஆசான். தாகமெடுத்தால் பனிக்கட்டித் துண்டொன்றை வாயில் ஒதுக்கிக்கொள். பிரதேச செயலகத்துக்கு இன்ன பத்திரத்தோடு போ. பெயர் விடுபட்டால் மேன்முறையீடு செய். சிங்களமும் தமிழும் கலந்து நடக்கும் இப்பாடத்தை எந்தக் கலாசாலையும் புகட்டுவதில்லை.

இத்தோழமையைக் கண்டு கனவான்கள் சிலர் உருகுகின்றனர். ‘அவர்களே ஒருவரையொருவர் தாங்குகிறார்களே, அரசு எதற்கு?’ என்பதே அவ்வுருக்கத்தின் உட்பொருள். அஸ்வெசும திட்டத்தில் இந்நோயாளர்க்கு 2023இல் மாதம் 5,000 ரூபா, 2025இல் 10,000. பஸ்ஸுக்கும் மருந்துக்கும் போக மிஞ்சுவதென்ன? கனவான்களே கணக்கிடட்டும். தோழன் தாகத்துக்கு வழி சொல்வான். உழைப்பிழந்த மாதத்துக்குக் கூலி தர அவனிடம் ஏது? வியர்வைக்குரிய பாக்கியைப் பிச்சை என்பார் எவர்?

நாமும் தப்ப முடியாது. விண்ணப்பம் நிரப்பத் தெரியாமல் ஒரு குடும்பம் தவிக்கையில், பேனாவோடு அவ்வீட்டுப் படியேறிய ஆசிரியர் நம்மில் எத்தனை பேர்?