வாளியில் ஒரு கோடு

அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ தளம் போடும் நாளில் தவறாமல் கேட்கும் குரல் இது: “இன்னும் ஒரு வாளி தண்ணி ஊத்துப்பா!” கொத்தனாரைக் குறை சொல்வதற்கில்லை. ஆற்றுமணல் இருந்த இடத்துக்கு எம்-சாண்ட் வந்துவிட்டது. அதன் கூரான முனைகள் ஒன்றோடொன்று சிக்கும். உச்சிவெயிலில் கலவை இறுகினால் கம்பிக்கு அடியில் இறங்காது; பலகையைப் பிரித்ததும் ஜல்லி பல்லை இளிக்கும்.

பொறியாளரின் கவலையும் நியாயமானதே. ஐ.எஸ். 456 விதிப்படி, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு, கடுமையில்லாத சூழலிலும் 50 கிலோ மூட்டைக்கு இருபத்தேழரை லிட்டர்தான் உச்சவரம்பு. மணலில் இருக்கும் ஈரமும் அதில் சேர்த்தி. மிஞ்சிய தண்ணீர் காய்ந்து நுண்துளைகளை விட்டுப்போகும். அவற்றின் வழியே ஈரம் இறங்கிக் கம்பி துருவேறும்.

இருவரும் ஒத்துப்போக ஓர் இடம் உண்டு: கலவையில் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் திரவம். சிமென்ட் துகள்கள் தண்ணீரில் கட்டிகட்டியாகத் திரண்டு, தண்ணீரைத் தமக்குள் பிடித்துவைக்கும். பிளாஸ்டிசைசர் துகள்களின் மேல் படிந்து அவற்றை விலக்குகிறது. சிக்கியிருந்த தண்ணீர் விடுபட, கலவை தானே இளகுகிறது. பந்தல்குடியில் சுண்ணாம்புக்கல் வெட்டும் நமக்கு இது ஒன்றும் அந்நியமல்ல. பழைய ஈரமுறை சிமென்ட் ஆலைகளில் சூளைக்குப் போன சுண்ணாம்புக் குழம்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். அதை ஆவியாக்கவே நிலக்கரி எரிந்தது. குழம்பை இளக்கும் மருந்து சேர்த்தபோது தண்ணீரோடு கரியும் மிச்சமானது.

“கெமிக்கல் வேண்டாம்” என்று தயங்கும் வீட்டுக்காரரையும் கேட்க வேண்டும். செலவு கூடும், அளவு மிஞ்சினால் ஜல்லி தனி, பால் தனி என்று பிரியும், இறுகவும் தாமதமாகும். குளோரைடு கலந்த சரக்கு கம்பிக்கே பகை. எனவே ஐ.எஸ். 9103 தரத்தில் உள்ளதை, கடைக்காரர் ஒரு வீட்டுக்கு வேண்டிய சிறு கேன்களில், மூட்டைக்கு எத்தனை மில்லி என்று தமிழில் எழுதித் தரலாம். செலவை வீட்டுக்காரர் ஏற்கலாம். பொறியாளர் முதல் கலவையின்போதாவது மெஷின் அருகே நின்று, தண்ணீர் வாளியில் பெயின்டால் ஒரு கோடு போட்டுத் தரலாம். அந்தக் கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதைக் கொத்தனாரிடம் நம்பி விடலாம். கலவையின் பதம் அவர் கைக்குத் தெரியாததல்ல.

மூட்டைக்கு ஐந்து லிட்டர் குறைந்தால், நூறு மூட்டைத் தளத்தில் 500 லிட்டர் மிஞ்சும். லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கும் தெருவில் அது சிறிதல்ல. மறுநாள் காலை தளத்தில் பாத்தி கட்டி நிறுத்த அந்தத் தண்ணீரே உதவும்.