இறுதிச் செலவுக்கு முன்பணம்

சாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே அபசகுனம் என்று நம்மவர் வாயை மூடிவிடுவர். பிரிட்டனில் அப்படியன்று. அங்கே பலர் உயிரோடிருக்கும்போதே புதைகுழிக்கு இடம் வாங்கி, அடக்கச் செலவையும் முன்னதாகக் கட்டிவிடுகின்றனர். கூட்டுறவுச் சங்கங்களே அத்தொழிலை நெடுங்காலமாக நடத்தி வருகின்றன.

ஆயினும், வாங்குவது யாது என்பதை அறிந்து வாங்குவோர் குறைவு. அங்கே நகரசபை மயானத்தில் கிடைப்பது நிலமன்று. அடக்கம் செய்யும் உரிமை மட்டுமே. இங்கிலாந்திலும் வேல்ஸிலும், 1977-ஆம் ஆண்டு ஆணைப்படி, அவ்வுரிமையை ஒரு தடவையில் 100 ஆண்டுகளுக்கு மேல் வழங்கலாகாது. பல ஊர்களில் தவணை இதனினும் குறைவு.

முன்பணத்தின் கதியோ இன்னும் பரிதாபம். 2022 மார்ச்சில் சேஃப் ஹாண்ட்ஸ் என்னும் தனியார் கம்பெனி நொடித்தது. சுமார் 46,000 பேர் அதனிடம் தங்கள் அடக்கத்திற்குத் திட்டம் எடுத்திருந்தனர். இத்தொழில் அந்நாட்டு நிதிக் கண்காணிப்பு அமைப்பின் கட்டுப்பாட்டுக்குள் வந்ததோ அவ்வாண்டு ஜூலை 29-இல்தான்!

ஆகவே, கடைசிக் காரியத்திற்கென ஒதுக்கும் பணத்தை அங்கத்தினர்கள் எவரிடமும் முன்கூட்டிக் கொடாமல், தம் சங்கத்திலேயே தம் பெயரில் வைப்பாக வைத்து, பெற்றுக்கொள்ள வேண்டியவரை எழுத்து மூலம் நியமிப்பதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். நியமனம் பெற்றவர் பணத்தைப் பெறலாம். மற்ற வாரிசுகளின் பங்குரிமை அதனால் அற்றுப்போகாது. நான் பரிசீலிக்கும் பதிவேடுகளில் அப்பத்தி வெறுமையாய் இருப்பதே அதிகம். காலஞ்சென்ற மனைவியின் பெயரே மாற்றப்படாமல் நிற்பதும் உண்டு. அடுத்த முறை பாஸ் புத்தகத்துடன் செல்கையில், காரியதரிசியிடம் அப்பத்தியைக் காட்டும்படி கேளுங்கள்.